எட்டாத பிரேக்

திண்டுக்கல்லில் திருச்சி ரோட்டு ஷோரூம் ஒன்றில் ஆரோக்கியதாஸ் பதினான்கு வருஷம் மோட்டார் சைக்கிள் விற்றார். அதற்கு முன்னால் மெக்கானிக். அதனாலோ என்னவோ, வண்டி கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. முதலில் உட்காரச் சொல்வார். இரண்டு பாதமும் தரையில் படிகிறதா, ஹேண்டில்பாரைப் பிடிக்க முதுகு வளைகிறதா, ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது தோள் திணறுகிறதா என்று சுற்றிவந்து பார்ப்பார்.

"செருப்பு வாங்குனாலே மாட்டிப் பாத்துத்தான வாங்குறோம். இது இருநூறு கிலோங்க" என்பார்.

இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம் என்று அவர் சொல்லி, வேறு எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களே பிறகு தம்பிக்கும் மச்சானுக்கும் வண்டி எடுக்க அவரைத் தேடி வந்திருக்கிறார்கள்.

உடையப்பன் வந்தது போன வருஷம் செப்டம்பர் கடைசி நாள். குஜிலியம்பாறைப் பக்கத்துச் சம்சாரி, ஐம்பத்தைந்து வயது. கூட மனைவி ராமுத்தாயும் மகள் சுகன்யாவும். சுகன்யா கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். இருபது வருஷமாக ஒரே ஓட்டை வண்டியில் போய்வந்துகொண்டிருந்த அப்பாவுக்கு, அவர் ஆசைப்பட்ட வண்டியைத் தன் சம்பளத்தில் எடுத்துத் தரவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

அவர் ஆசைப்பட்டது முந்நூற்றைம்பது சிசி க்ரூசர். தாழ்ந்த சீட், அகன்ற ஹேண்டில்பார், முன்னால் தள்ளிவைத்த கால்மிதி. உட்கார்ந்தால் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்த மாதிரி கால் நீட்டிக்கொண்டு போகலாம். உடையப்பன் ஏறி உட்கார்ந்ததும் ராமுத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"மாப்ள கணக்கா இருக்காரு" என்றாள் மகளிடம்.

ஆரோக்கியதாஸ் அவருடைய வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷத்துக்கு முன்னால் கிணறு வெட்டும்போது கல் உருண்டு உடைந்த கணுக்கால் அது. பிளேட் வைத்துச் சேர்த்திருந்தார்கள். மேலேயும் மடங்காது, கீழேயும் மடங்காது. பழைய வண்டியில் அது தெரியவில்லை. அதில் பிரேக் காலுக்கு நேர்கீழே இருக்கும், முழுக்காலையும் அழுத்தினால் போதும். இந்த வண்டியில் காலை நீட்டி, கணுக்காலை மடக்கித்தான் பிரேக்கை மிதிக்கவேண்டும். அவரால் முடியவில்லை. கால்மிதியிலிருந்து பாதத்தையே தூக்கி, பிரேக்மேல் கொண்டுவந்து வைத்து அழுத்தினார்.

வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தபோதும் அப்படித்தான் நிறுத்தினார். முன் பிரேக்கைத் தொடவே இல்லை. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று நம்புகிற பழைய ஆட்களில் அவரும் ஒருவர்.

அதே ஷோரூமில், அதே எஞ்சினில், நிமிர்ந்து உட்கார்கிற வேறு ஒரு வண்டி நின்றது. கால்மிதி முழங்காலுக்கு நேர்கீழே இருக்கும். உடையப்பனுக்குப் பொருத்தமான வண்டி அதுதான். அதை நோக்கி ஆரோக்கியதாஸ் ஓர் எட்டு வைத்தார். அப்போது மேனேஜர் விக்னேஷ்குமார் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தான்.

"தாஸ்ண்ணே, மாசக் கடைசி. இன்னும் ரெண்டு வண்டி குறையுது. இவுகளுக்குப் பிடிச்சிருச்சுல்ல? பில்லப் போடுங்க."

போன மாதமும் ஆரோக்கியதாஸின் விற்பனைக் கணக்கு குறைந்திருந்தது. எல்லாருக்கும் முன்னால் வைத்து வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருந்தது. அந்த நேரம் ராமுத்தாய் கேட்டாள்:

"கால் எட்டுதாங்க உங்களுக்கு?"

"எட்டுது" என்றார் உடையப்பன்.

அவள் ஆரோக்கியதாஸைப் பார்த்தாள். வண்டி விஷயம் தெரிந்தவர் சொல்லட்டும் என்கிற பார்வை.

"ஓட்ட ஓட்டப் பழகிரும்மா" என்றார் அவர்.

வண்டி எடுத்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை, புருஷனும் பெண்டாட்டியும் வடமதுரைப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காட்டுப்பாதையிலிருந்து ஒரு டிராக்டர் ரோட்டில் ஏறியது. உடையப்பன் பார்த்துவிட்டார், தூரமும் இருந்தது. காலைத் தூக்கினார், ஆனால் அது பிரேக்கின் ஓரத்தில் பட்டு வழுக்கியது. மறுபடி தூக்கி வைப்பதற்குள் டிரெய்லரில் மோதிவிட்டார். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த ராமுத்தாய் தூக்கி எறியப்பட்டாள். திண்டுக்கல் வந்து சேரும்போது உயிர் இல்லை.

ஆரோக்கியதாஸுக்கு இது தெரிந்தது கார்த்திகையில். இன்சூரன்ஸ் காகிதம் கேட்டு சுகன்யா வந்து நின்றாள். கழுத்தும் காதும் வெறுமையாக இருந்தன. நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள். அவர் காகிதத்தைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய், பீரோவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தேட வேண்டியதே இல்லை, ஃபைல் மேலாகவே இருந்தது.

வெளியே வந்து சொல்லிவிட்டார்.

"நான் பாத்தேன்மா. அன்னிக்கே. அப்பா காலு அந்த பிரேக்குக்குச் சேராதுன்னு எனக்குத் தெரியும். சொல்லல."

சுகன்யா ஃபைலை வாங்கிப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை மூட இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டியிருந்தது.

"எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப் போகுது? அவரு தெனமும் அந்தக் காலப் பாத்துப் பாத்து வெட்டிப் போடுங்கிறாரு. சோறு எறங்கல. அவருகிட்ட வந்து சொல்லுங்க. தப்பு அவரோடது மட்டும் இல்லன்னு அவருக்குத் தெரியட்டும்."

வீட்டில் ஆரோக்கியதாஸின் மனைவி செபஸ்தியம்மாள் வேண்டாம் என்றாள். "கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்க. அங்க போயி நின்னா ஆளுக்கு ஒரு அடி அடிப்பாக." ஞாயிற்றுக்கிழமை அவர் அதையும் செய்தார். சாமியார் பொறுமையாகக் கேட்டு, மன்னிப்பு வழங்கி, ஜெபம் சொல்லச் சொன்னார். மண்டியிட்டுச் சொல்லி முடித்தார். பாரம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

மறுநாள் பஸ் ஏறி உடையப்பன் ஊருக்குப் போனார். மானாவாரிக் காடு. சோளத்தட்டை அறுக்காமல் காய்ந்து நின்றது. உடையப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கை இன்னும் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க. உக்காருங்க."

ஆரோக்கியதாஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்தில் நின்ற வண்டியைப் பற்றி, மாசக் கடைசியைப் பற்றி, ராமுத்தாய் தன் முகத்தைப் பார்த்ததைப் பற்றி. கதவோரம் சுகன்யா நின்றாள்.

உடையப்பன் தன் வலது காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"என் காலப் பத்தி எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக?"

"அய்யா..."

"மொத நாளே தெரியும். எட்டல. அவ கேட்டா. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி எட்டலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்கப்பறம் இருவது நாளு ஓட்டுனேன். இருவது நாளும் அவ பின்னாடிதான் உக்காந்துருந்தா. நீங்க ஒரு தடவ சொல்லாம விட்டீக. நான் இருவது நாளு சொல்லல."

"அப்பா, இவரு சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்கள்ல" என்றாள் சுகன்யா.

"கேட்டிருப்பேன்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "கடக்காரரு சொல்லி மாத்துனதுன்னு ஆயிருக்கும். எனக்கும் கவுரவமாப் போயிருக்கும். கேட்டிருப்பேன்த்தா."

தப்பை ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக்கொண்டால் குறையும் என்று அந்தப் பெண் நினைத்திருந்தாள். குறையவில்லை. ஆரோக்கியதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். உடையப்பனால் ஒரு கையைத்தான் தூக்க முடிந்தது.

"இனிமே வராதீக. கோவம் இல்ல. உங்களப் பாத்தா அவ சிரிச்சது ஞாவகம் வருது."

ஆரோக்கியதாஸ் ஷோரூமை விட்டுவிடவில்லை. விட்டால் வேறு பிழைப்பு இல்லை. ஆனால் தை மாதத்துக்குள் ஏழெட்டு பேரை வேறு வண்டி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அய்யலூர் ஆட்டு வியாபாரி ஒருவரிடம், "உங்க இடுப்புக்கு இது ஆகாது" என்று அவருடைய மருமகன் முன்னாலேயே சொன்னார். அவர் முகம் சிவந்து எழுந்து போனார். விக்னேஷ்குமார் அன்று சாயங்காலமே அவரை விற்பனையிலிருந்து எடுத்து, ஆர்.சி., நம்பர் பிளேட் கொடுக்கிற பின்பக்கக் கவுண்ட்டருக்கு மாற்றினான். சம்பளம் குறைந்தது.

இப்போது அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் வண்டி எடுத்து முடித்தவர்கள். யார் எதை எடுத்தார்கள் என்பது காகிதத்தில் மட்டும்தான் அவருக்குத் தெரியும். இருந்தாலும் கையெழுத்து வாங்கும்போது கேட்பார்:

"பிரேக் சரியா எட்டுதாங்க?"

எல்லாரும் எட்டுது என்றுதான் சொல்கிறார்கள். அவர் ஒரு கணம் பேனாவைக் கொடுக்காமல் அவர்கள் முகத்தைப் பார்க்கிறார். பின்னால் நிற்கிறவர் இருமுகிறார், வரிசை நகரவேண்டும். பேனாவைக் கொடுத்துவிடுகிறார்.