பொட்டுவைக் கூப்பிட்டவன்

ஐத்தப்ப பூஜாரிக்குப் பிழைப்பு பனையேறிக் கள் இறக்குவது. பேர் கிடைத்ததென்னவோ கம்பளம் என்னும் எருமைப் பந்தயத்தில், சேற்றுத் தடத்தில் எருமைக் கடாக்களின் பின்னால் கயிற்றைப் பிடித்து ஓடியதில். அவன் முதுகைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள்.

போன பருவத்தின் கடைசிக் கம்பளத்தில் எசமான் திம்மப்ப ரையின் கடா ஜோடியை ஓட்டினான். இடப்பக்கம் பொட்டு, வலப்பக்கம் காரி. பொட்டுவின் பேரைச் சொல்லிக் கூவுவதுதான் அவன் வழக்கம். அது பாய்ந்தால் காரியும் கூடவே பாயும். அன்று கூவவும் செய்தான், பிரம்பால் விளாசவும் செய்தான். ஜெயித்துத் தடத்தின் முடிவிலிருந்த மேடேறியதும் பொட்டு முன்னங்கால் மடிந்து விழுந்தது. எழவே இல்லை.

வெயில்தான் காரணம் என்றார்கள். என்ன வெயில்! அடித்த கைக்குத் தெரியாதா? அதன்பிறகு பனை உச்சியில் இருக்கும்போதும் கீழே பொட்டுவின் அந்தக் கடைசி இழுப்பு மூச்சு கேட்டது. குனிந்து பார்த்தால் வெறும் தரை. இனிப் பிரம்பைத் தொடமாட்டேன் என்று வீட்டுத் தெய்வத்தின் முன் சத்தியம் செய்தான்.

இந்தப் பருவம் காரிக்குப் புது ஜோடி கட்டினார்கள். காரி பாதித் தடம் போகும், நிற்கும், இடப்பக்கத்தவனை முகர்ந்து பார்க்கும். கம்பளத்துக்குக் கம்பளம் இதே கூத்து. ரைக்குத் தலைகாட்ட முடியவில்லை. இன்று பொட்டு விழுந்த அதே ஊர்த் தடத்தில் ஓட்டம்.

"இன்னைக்கும் நின்னுச்சுன்னா நாளைக்கு லாரி ஏத்திடுவேன், ஐத்தப்பா. சோறு போட்டு வேடிக்கை பார்க்க என்னால ஆகாது."

"சந்தைக்கா, எசமான்? அங்க போனா வெட்டிருவாங்களே!"

"அப்போ பிரம்பை எடு."

"அது மட்டும் முடியாதுங்க."

"பெரிய சாமியார் ஆயிட்டாரு! பின்ன என்னத்தைக் காட்டி ஓட்டுவே, உன் மூஞ்சியையா?"

கொம்பு ஊதினார்கள். கயிற்றைப் பிடித்தான். வழியில் காரியின் கால் தயங்கியது. லாரி கண்முன் வந்தது. பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பொட்டூ! ஏ பொட்டூ!"

காரி எகிறியது. புது ஜோடியை இழுத்துக்கொண்டு, சேறு ஆளுயரம் தெறிக்க, இதுவரை ஓடாத ஓட்டம் ஓடியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கடாக்களுக்கு அடி விழுகிறதா என்று கண்காணிக்கக் கேமராவோடு நின்ற அதிகாரி ஓடிவந்து அவன் கையைக் குலுக்கினார்.

"ஒரு அடிகூட இல்ல! எல்லாரும் உங்களை மாதிரி ஓட்டணும் அண்ணா."

ஐத்தப்பன் கையை உருவிக்கொண்டு திரும்பினான். மேட்டின்மேல் காரி புது ஜோடியையும் இழுத்துக்கொண்டு நுகத்தோடு சுற்றிச் சுற்றி வந்தது. பொட்டு விழுந்த இடத்தில் மூக்கை வைத்து மண்ணைக் கிளறியது. தலையைத் தூக்கி இடப்பக்கம் பார்த்து, அடித்தொண்டையில் கத்தியது. பிறகு மறுபடியும் கிளறியது.

"காரி, வாடா... வாடா ராசா," என்றான். தன் பேருக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை.

பிரம்படியாவது தோலோடு போயிருக்கும். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

ரை பல்லெல்லாம் தெரிய வந்து தோளில் தட்டினார். "அடேய், இந்த வித்தையை இத்தனை நாள் எங்கடா வச்சிருந்தே? இறுதி ஓட்டம் இருக்கு. அதே மாதிரி கூவு. நீ கூவுற வரைக்கும் இவனுக்கு லாரி இல்ல, போதுமா?"

காரியைத் திரும்பத் தடத்தில் இறக்கினார்கள். கொம்பு ஊதியது. ஐத்தப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, செத்தவனைக் கூப்பிட்டான்.