பேருந்துகளை மாடியேற்றிய காலை

கதவு தட்டப்பட்டபோது நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். இல்லாதவன்போல் மூச்சடக்கி நின்றேன்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தை அறியாதவர் என்பதால் இருக்கலாம்.

அடையாற்றங்கரையை ஒட்டிய பழைய அடுக்ககத்தில், தரைத்தளத்தில், தனியாக வாழ்பவன் நான். தி.நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை. பழைய சென்னைப் பேருந்துகளின் உலோக வார்ப்பு மாதிரிகளைச் சேகரிப்பது என் பித்து. உள்ளங்கைக்குள் அடங்கும் வண்டிகள். நெற்றிப் பலகையில் 'மயிலாப்பூர்', 'சைதாப்பேட்டை' என்று கடுகளவு எழுத்துகள். நம் ஊர்ப் பேருந்துகளை யாரும் இப்படி வார்த்து விற்பதில்லை. வெளிநாட்டு மாதிரிகளை வரவழைத்து, வண்ணம் சுரண்டி, மறுபடி பூசி, பலகை ஒட்டி, ஒவ்வொன்றையும் நானே நம் ஊர் வண்டியாக்கினேன். சிவப்பு இரட்டை மாடிப் பேருந்து ஒன்றுக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதும் செலவாயிற்று.

அவற்றை என்னளவுக்கு நேசித்த இன்னொருவர் பக்கத்து வீட்டு மாமா. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுதும் பேருந்தில்தான் போய் வந்தவர். ஞாயிறுதோறும் வருவார். கையைத் துடைத்துக்கொண்ட பிறகே வண்டியைத் தொடுவார். இடுப்பில் அறுவைசிகிச்சை முடிந்து, நடைச்சட்டத்தைப் பிடித்துத் தத்தித் தத்தி நடந்த நாள்களிலும் அவர் வருவது நிற்கவில்லை. மாமியும் அவரும் மட்டுமே அந்த வீட்டில். மகள் வெளிநாட்டில்.

பெருமழை பெய்த ஆண்டு அது. ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று காலையில் செய்தி வந்தது. சற்று நேரத்தில் வாசலில் நீர். மின்சாரம் போயிற்று. நான் அட்டைப்பெட்டிகளை எடுத்து, படுக்கையறை அலமாரியில் இருந்த வண்டிகளை அவற்றில் அடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, பெட்டியை மூடி, டேப் ஒட்டி, சமையலறைப் பின்கதவு வழியாக இரும்புப் படிக்கட்டில் மொட்டைமாடி அறைக்கு ஏற்றினேன்.

பாதிகூட முடியவில்லை. முன்கதவு தட்டப்பட்டது.

"சேகர், கதவைத் திறப்பா. தண்ணி உள்ள வந்துண்டிருக்கு. மாமாவை மேல ஏத்தணும், என்னால தனியா முடியாது."

மாமியின் குரல். பதற்றத்திலும் பணிவாகத்தான் கேட்டார்.

என் கையில் டேப் இருந்தது. காலடியில் நீர் பரவிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் மாமாவைத் தாங்கிப் படியேற வேண்டும். அதற்குள் கீழ்த்தட்டில் இருப்பவை மூழ்கிவிடும். இப்படித்தான் கணக்கிட்டேன்! ஒரு பெட்டி, இன்னும் ஒரு பெட்டி, பிறகு போகலாம்... மறுபடியும் தட்டினார். பெயர் சொல்லி அழைத்தார். பிறகு ஓசை இல்லை.

உலோகம்தானே அவை? நனைந்தால் துடைத்துக்கொள்ளலாமே! வண்ணம் உரிந்தால் மீண்டும் பூசலாமே! இது தெரியாதவனா நான்? என் கையாலேயே அத்தனைக்கும் பூசியவன் அல்லவா? தெரிந்தேதான் நின்றேன்.

கடைசிப் பெட்டியை மொட்டைமாடியில் வைத்தபோது, உள்படிக்கட்டுப் பக்கமிருந்து அந்த அலறல் கேட்டது.

நேரே இறங்கிப் போயிருக்கலாம். அப்போதும் நான் தேடியது ஒரு பொய்யை. பின்பக்கமாக இறங்கி, முழங்கால் நீரில் கட்டடத்தைச் சுற்றி, முன்வாசல் வழியாக நுழைந்தேன். படித் திருப்பத்தில் மாமா ஒருக்களித்துக் கிடந்தார். நடைச்சட்டம் கீழே மிதந்தது. மாமி அவர் தலையை மடியில் ஏந்தியிருந்தார்.

"விடிகாலையிலேயே கிளம்பிட்டேன் மாமி. பாதி வழியில திரும்பி இப்பதான் வரேன்" என்றேன்.

நனைந்த உடை என் பொய்க்குச் சாட்சியாக இருந்தது. நல்ல வேளை வந்தாயே என்று மாமி அழுதார்.

நண்பகலில் ஊரூர் குப்பத்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். "உள்ள யார்னா கீறீங்களா?" என்று குரல் கொடுத்தவர், மாமாவைக் கண்டதும் நீரில் குதித்து வந்தார். "நைனா, நீ தோள புடிச்சுக்கோ. கால நான் பாத்துக்கறேன்" என்றார் என்னிடம். முன்பின் அறியாதவருக்காக அவர் மார்பளவு நீரில் நடந்தார். நானோ ஒரு சுவருக்கு அப்பால் இருந்தவன்.

அதே இடுப்பு மறுபடி முறிந்திருந்தது. மாமா அதன்பின் எழுந்து நிற்கவே இல்லை.

ஞாயிறுகளில் நான் அவரிடம் போகத் தொடங்கினேன். போகும்போதெல்லாம் ஒரு வண்டியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். அன்பினாலா? அச்சத்தினாலா? எனக்கே விளங்கவில்லை. மருந்து வாங்குவதும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் என் பொறுப்பாயின. நான் மகன்போல் பார்த்துக்கொள்வதாக மாமி மகளிடம் தொலைபேசியில் சொல்வது என் காதில் விழும்.

ஒருநாள் மாமி காய் வாங்கப் போயிருந்தார். இரட்டை மாடிப் பேருந்தை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, அதன் சக்கரத்தை விரலால் உருட்டியபடி மாமா பேசினார்.

"அன்னிக்கு நீ டேப் கிழிக்கற சத்தம் கேட்டுண்டே படுத்திருந்தேன்."

என் படுக்கையறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அது என் நினைவுக்கு வந்ததே இல்லை!



"அவகிட்ட சொல்லலை" என்றார். "எனக்கப்புறம் அவசரம்னா கூப்பிட அவளுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? அதையும் நான் எதுக்குக் கெடுக்கணும்?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. வண்டியை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் நான் கொண்டுபோன எந்த வண்டியையும் அவர் தொடவில்லை. நானும் கொண்டுபோவதை நிறுத்தவில்லை... மாமி காரணம் கேட்டுவிடுவாரோ என்று!

சென்ற மாதம் மாமா இறந்தார். பதின்மூன்றாம் நாள், துக்கம் கழிந்து விருந்திடும் சுபத்துக்கு மாமி என்னைக் கட்டாயப்படுத்தி அழைத்தார். அதற்கு முன்னும் மும்முறை அவரிடம் உண்மையைச் சொல்லப் போய், ஒவ்வொரு முறையும் காபி குடித்துவிட்டுத் திரும்பியிருந்தேன். மாமா சொன்னதை மதித்தே வாயடைத்திருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எவ்வளவு வசதியான மரியாதை!

அன்று உறவினர்கள் நிறைந்த கூடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகளிடம் மாமி என் கையைப் பிடித்துக் காட்டினார்.

"சேகர் மட்டும் அன்னிக்கு அவன் ஆத்துல இருந்திருந்தா, அப்பா விழுந்தே இருக்கமாட்டார்டி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகள் கண்ணீரோடு கைகூப்பினாள்.

நான் ஆமென்று தலையசைத்தேன். பிறகு இலை போட்டார்கள். மாமி என் பக்கத்தில் நின்று, எனக்குப் பார்த்துப் பரிமாறச் சொன்னார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.