டபுள்ஸா, சிங்கிளா?

காவிரிப் பாலத்துக்கு ஸ்ரீரங்கம் பக்கமாக இருக்கும் பெட்ரோல் பங்க்கில், காற்றுப் பிடிக்கிற இடத்துக்கு மேலே ஒரு போர்டு உண்டு. 'காற்று இலவசம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் எல்லோரும் காசு கொடுப்பார்கள். காற்று அடிப்பவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். வால்வு மூடியைத் திருகிவிட்டு நிமிர்ந்து, நம் முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தபடி கொஞ்சம் கூடுதலாக நிற்பார். அந்த நிற்றலுக்குத்தான் அஞ்சு ரூபாய்.

எனக்கு அது பிடிக்காது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஒரு போல்ட்டு வெளியே போனாலும் கையெழுத்துக் கேட்கிற உத்தியோகம். அந்தப் புத்தி வேலை முடிந்த பிறகும் என்னை விடாது. இலவசம் என்று எழுதிப் போட்டுவிட்டு எதற்குக் காசு என்று பங்க்கிலேயே சத்தமாகக் கேட்டிருக்கிறேன். என் மனைவிக்கு மானம் போகும்.

"ஏங்க, போர்டா வந்து காத்து அடிக்குது? அவருதானே குனிஞ்சு அடிக்கிறாரு. பேசாம இருங்க" என்பாள். பர்ஸைத் திறந்து ஒரு நாணயத்தை எடுத்து, "டீ குடிங்கண்ணே" என்று அவர் கையில் கொடுப்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அவள் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர். தினமும் காலையில் ஸ்கூட்டரில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டு, காந்தி மார்க்கெட் வழியாக நான் பட்டறைக்குப் போவேன். இறங்குவதற்கு முன் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லாமல் இறங்கி, வண்டியோடு இரண்டு பேரும் சாய்ந்ததிலிருந்து அப்படி ஒரு ஏற்பாடு. தட்டியதும் நான் இரண்டு காலையும் ஊன்றி வண்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் இறங்கினால் வண்டி லேசாக மேலே எழும்பும்.

காற்று அடிப்பவர் எங்களிடம் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டபுள்ஸா, சிங்கிளா?" இரண்டு பேர் போகிற வண்டி என்றால் பின் டயரில் காற்றைக் கூட்டி வைக்க வேண்டும், ஒருவர் மட்டும் என்றால் குறைத்து வைக்க வேண்டும். அவள்தான் பதில் சொல்வாள். "டபுள்ஸ்ணே." தினம் பார்க்கிறவருக்கு இது தெரியாதா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவர் கேட்காமல் ஹோஸை எடுத்ததில்லை.

போன தை மாதம் ஒரு காலையில், ஸ்கூலில் பிள்ளைகளைப் பிரேயருக்கு வரிசையாக நிற்க வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போயிருந்தாள். திரும்பிப் பார்த்தாளா, கையசைத்தாளா என்று எனக்கு நினைவில்லை. பஸ் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் உதடு இருக்கும், ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது. எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. காரியமெல்லாம் முடிந்து சென்னைக்குக் கிளம்பும்போது என் மகள், "அப்பா, கொஞ்சமாவது அழுங்கப்பா" என்று சொல்லி அவள் அழுதாள். சரிம்மா என்றேன். அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்து இட்லி சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த வாரத்தில் ஒரு நாள் காற்றுப் பிடிக்கப் பங்க்கில் நிறுத்தினேன். இரண்டு காலையும் ஊன்றி, ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். காற்று அடிப்பவர் ஹோஸோடு நின்றார். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"சார், எறங்குங்க" என்றார் காற்று அடிப்பவர்.

தோளில் தட்டு விழுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இறங்கி ஸ்டாண்டு போட்டேன்.

"டபுள்ஸா, சிங்கிளா?"

"டபுள்ஸ்" என்றேன்.

அடித்து முடித்தார். வண்டியைப் பார்த்தபடி நின்றார். என்னிடம் சில்லறை இல்லை. சில்லறை எப்போதும் அவளிடம்தான் இருக்கும். ஜீபே இருக்கா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லைங்க சார், மொதலாளி திட்டுவாரு. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அன்று சாயங்காலம் சமையலறை ஆணியில் தொங்கிய அவள் பர்ஸிலிருந்து நாணயங்களை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் நானே கொடுத்தேன். போர்டைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் டபுள்ஸ் என்றே சொன்னேன். நான் தனியாக வந்து நின்றாலும், அவளை வழியில் எங்கோ ஏற்றிக்கொள்வேன் என்று அவர் நினைத்துக்கொண்டார் போல.

மாற்றிச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் பட்டறையில் லேத் ஓட்டும் பையன்கள் கல்யாணம் ஆகாததைப் பெருமையாக, "நான் சிங்கிள் சார்" என்பார்கள். என் வயதில் அதைச் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவும் நிஜமில்லை. ரேஷன் கடையில் அவள் பெயரை நீக்கச் சொன்னேன். பேங்கில் சர்டிபிகேட்டோடு போய்ச் சொன்னேன். எங்கேயும் நாக்கு தடுமாறவில்லை. பங்க்கில் சிங்கிள் என்றால் அவர், "அம்மா வரலீங்களா?" என்பார். நான் பதில் சொல்ல வேண்டும். அவள் இன்னும் பின்னால் உட்கார்ந்து வருகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். அவரையும் இழக்க எனக்கு மனசில்லை.

நடுவில் ஒரு முறை, எடமலைப்பட்டி புதூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வழியில் ஒரு புது பங்க்கைப் பார்த்தேன். அங்கே ஆள் இல்லை. மெஷின் மட்டும்தான். போனில் ஸ்கேன் செய்து காசு கட்டிவிட்டு, எவ்வளவு காற்று வேண்டும் என்று நாமே அமுக்கிக்கொள்ள வேண்டும். போர்டில் இலவசம் என்ற பேச்சே கிடையாது, இவ்வளவு ரூபாய் என்று நேராகப் போட்டிருந்தது. இத்தனை வருஷமாக நான் கேட்ட நியாயம் இதுதான். கேள்வி கேட்க யாரும் இல்லை, எண்ணை மாற்றினால் ஒருவருக்கும் தெரியாது. பின் டயருக்கு முப்பத்தாறு என்று அமுக்கினேன். அது டபுள்ஸ் கணக்கு.

அவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் போனால் வண்டியின் பின்பக்கம் துள்ளும். காவிரிப் பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு தடக் தடக் என்று தூக்கிப் போடும். அந்தக் குலுக்கலில் பின் சீட்டில் யாரோ நகர்ந்து உட்காருவது போல இருக்கும். அவள் பாலத்தில் அப்படித்தான் செய்வாள், புடவையைச் சரி செய்துகொள்ள. அது டயர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பாலத்தில் மெதுவாகவே போவேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காந்தி மார்க்கெட் வாசலில் வெங்காயச் சருகு நனைந்து கிடந்தது. பிரேக் பிடித்ததும் பின் சக்கரம் வழுக்கி விழுந்தேன். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. இரண்டு மூட்டைக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். "வலிக்குதாங்க?" என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். வண்டியை அப்படியே பட்டறைக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம் கொண்டு போய்விட்டேன்.

அவர் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "ஓரமெல்லாம் புதுசா இருக்கு, நடுவுல மட்டும் மொட்டையா தேஞ்சிருச்சுங்க. ஒத்தை ஆளா ஓட்டிக்கிட்டு டபுள்ஸ் காத்து வெச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"யாராவது ஏறுறாங்களா?"

"இல்லை."

அவர் புது டயர் போட்டுக் கொடுத்து, டயர் உட்காரக் காற்று கூடவே வைத்திருக்கிறேன், பங்க்கில் அளவு பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். இரவு போனில் மகள், "இன்னொரு தடவை விழுந்தா வண்டியை வித்துட்டு உங்களை இங்க கூட்டிட்டு வந்துருவேன்பா. நீங்க மட்டுந்தான் இருக்கீங்க எனக்கு" என்றாள்.

மறுநாள் காலை பங்க்கில் நிறுத்தினேன். நானாகவே உடனே இறங்கிவிட்டேன். காற்று அடிப்பவர் ஹோஸை எடுத்துக்கொண்டு வந்தார்.

"டபுள்ஸா, சிங்கிளா?"

புது டயரைப் பார்த்தேன். பின்னால் ஹாரன் அடிக்கவும் யாரும் இல்லை.

"சிங்கிள்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலியாக இருந்த பின் சீட்டைப் பார்த்தார். அம்மா வரலீங்களா என்று கேட்கவில்லை. குனிந்து பின் டயரில் அளவு பார்த்தார். மெக்கானிக் சொன்னபடி நிறையவே அடித்திருந்தார். வால்வை அழுத்திப் பிடித்ததும் காற்று சீறிக்கொண்டு வெளியே போனது. நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நிறுத்தி, அளந்து, மறுபடி கொஞ்சம் விட்டார். மூடியைத் திருகிவிட்டு எழுந்தார். இந்த முறை நிற்காமல் நகர்ந்தார்.

நாணயத்தை நீட்டினேன்.

"வேண்டாங்க சார். நான் காத்து அடிக்கலையே, எறக்கித்தானே விட்டேன். இதுக்கு எதுக்குக் காசு?"

வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் எனக்கு நியாயப்படி இலவசமாகக் காற்றுப் பார்த்திருக்கிறார். அதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

"வாங்கிக்கங்க" என்றேன். "அவ இருந்தா குடுத்திருப்பா."

சொன்ன பிறகுதான், இதுவரை யாரிடமும் அவளை 'இருந்தா' என்று சொன்னதில்லை என்பது உறைத்தது. அவர் இரண்டு கையையும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அந்த நாணயத்தை வாங்கிக்கொண்டார்.

"டீ குடிச்சுக்கறேங்க" என்றார்.

பாலத்தில் ஏறினேன். இணைப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. வண்டி துள்ளாமல் அடங்கிப் போனது, பின் சீட்டில் ஒரு அசைவும் இல்லை. மழை இல்லை, ஆனாலும் பாதிப் பாலத்தில் கண்ணாடி சரியாகத் தெரியாமல் போனது. வண்டியை ஓரம் கட்டி, இரண்டு காலையும் ஊன்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.