மூடி திறந்த கார்பைடு டப்பா

லியாவ் ஸாய் அன்று விடியும் முன்பே எழுந்து, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் தன் வீட்டுக் கார்பைடு கல்லைக் கரைத்தார். வாளியோடு பக்கத்து அன்னாசித் தோட்டத்தில் இறங்கி, குருத்துக்கு ஒரு அகப்பை என்று ஊற்றிக்கொண்டே போனார். கீழ்ப்பாதி முடிந்தபோது கல் தீர்ந்துவிட்டது. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

தோட்டம் பெய்-யூனுடையது. கணவர் போன பிறகு அந்தச் செம்மண் சரிவுதான் அவளுக்குச் சோறு. குருத்தில் கார்பைடு தண்ணீர் விட்டால்தான் எல்லாச் செடியும் சேர்ந்து பூக்கும், பழம் ஏற்ற லாரியும் வரும். முந்தின நாள் அவளும் ஊற்றியிருந்தாள். ஆனால் அதற்கு முன், அருள் இறங்கட்டும் என்று கல் டப்பாவை மண்சாமி கோயிலில் மூடி திறந்து ஒன்பது நாள் வைத்திருந்தாள். அது அடைமழைக் காலம். அவள் வாளியில் நுரை இல்லை, பூண்டு வாசமும் இல்லை. கல் வீணாகிவிட்டது என்று வேலிக்கு அப்பால் நின்ற ஸாய்க்குப் புரிந்தது. அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்து, சொல்ல மனசு வரவில்லை.

நாற்பது நாளில் கீழ்ப்பாதிக் குருத்தெல்லாம் பூ வைத்துச் சிவந்தது. மேல்பாதி பச்சையாகவே நின்றது.

பெய்-யூனுக்கு ஒன்றும் புரியவில்லை. கோயில் கீழே இருப்பதால் அருள் அதுவரைதான் எட்டியதா? மேலே ஏதும் தீட்டுப் பட்டதா? சாமியிடம் குறி கேட்கும் இரண்டு பிறை வடிவ மரக்கட்டைகளைப் போட்டுக் கேட்டாள். மூன்று முறையும் இரண்டும் மல்லாந்தே விழுந்தன. சாமி சிரிக்கிறார், பதில் இல்லை என்று அர்த்தம்.

முப்பது வருஷம் கப்பல் தகடு அறுத்த ஸாயிடம் போனாள். அவர் கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, கீழே ஊற்றியது தான்தான் என்று ஒத்துக்கொண்டார். குச்சியால் மண்ணில் அணுவுக்கு ஒன்றாக வட்டங்கள் போட்டார்.

"கல்லுல தண்ணி பட்டா வர்றது அசிட்டிலின் வாயு. ரெண்டு கரி, ரெண்டு ஹைட்ரஜன். இதை எரிச்சுத்தான் தகடு அறுத்தேன்."

"இரும்பை அறுக்கிறது எப்படிண்ணே பூ வைக்கும்?"

"செடிக்குள்ளயே எத்திலீன்னு ஒண்ணு ஊறும். ரெண்டு கரி, நாலு ஹைட்ரஜன். ரெண்டும் பங்காளிங்க. செடி இதையும் அதுன்னு நினைச்சுக்கும்."

"அப்போ நாம செடியை ஏமாத்துறோமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதைச் செடிகிட்டதான் கேக்கணும்."

அவளுடைய கல்லில் இருந்த வாயு மழை ஈரம் பட்டுக் கோயிலிலேயே போய்விட்டது, மிஞ்சியது வெறும் சுண்ணாம்பு என்றார். "நல்லவேளை, பக்கத்துல ஊதுபத்தி ஏத்தல. சாமி கூரையோட பறந்திருப்பார்."

பெய்-யூனோ ஒன்பது நாளும் இரண்டு வேளை ஏற்றியிருந்தாள். பூ வந்தது ஸாயால். சரி. கோயில் எரியாமல் நின்றது யாரால்? வீடு வரை அதையே நினைத்து நடந்தாள்.

புதுக் கல் வாங்கி மேல்பாதிக்கு ஊற்றினாள். பிந்திப் பூத்தாலும் பூத்தது. லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு நடை வந்தார். முதல் அன்னாசிகளில் ஒன்று சாமிக்கும், அதே அளவில் ஒன்று ஸாய் வீட்டு வாசலுக்கும் போனது.

அடுத்த வருஷம் ஸாய் தாவ்யுவானில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். வழியனுப்பப் போனவளிடம், பஸ் படியில் ஒரு கால் வைத்தபடி சொன்னார்:

"டப்பாவைச் சாமிகிட்ட வை தங்கச்சி, வேணாங்கல. மூடியை மட்டும் திறக்காதே. உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும்."