அண்ணியின் கோட்டையில் தண்ணீர்

அண்ணன் தன் நாற்காலியை அண்ணியின் பக்கம் இழுத்துப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்போது கல்யாணமாகி அண்ணி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதுவரை, கொழுந்து வேலை இல்லாத ஞாயிறு மதியங்களில், அந்தக் கோட்டை கட்டும் கணினி விளையாட்டை அண்ணனும் நானும்தான் விளையாடுவோம். வறண்ட மலை, கோடையில் வற்றிவிடும் ஒரே ஓடை, அதை நம்பி நூறு குடிகள். அடுத்த மழைவரை அவர்களை உயிரோடு வைத்திருக்க வேண்டும். என் கோட்டை ஒரு கோடையையும் தாண்டியதில்லை.

குழாயில் தண்ணீர் வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடும் வீட்டில் வளர்ந்தவள் நான். விளையாட்டிலும் அதே புத்திதான். ஓடையில் நீரைக் கண்டதும் எல்லாரையும் பீப்பாய் நிரப்ப விரட்டுவேன், விதைக்க ஆளிருக்காது. பீப்பாய்கள் ததும்பி நிற்க, சனங்கள் பட்டினியில் சாவார்கள். அண்ணியோ திரிங்காப் என்ற மலையூரின் காய்கறித் தோட்டக்காரர் மகள். முதன்முறை விளையாடியபோதே தன் கோட்டையில், ஓடை தொடங்கும் இடத்திலேயே பாறையைக் குடைந்து தொட்டி கட்டி, மடை வைத்து, வேண்டியபோது மட்டும் திறந்துவிட்டார். தண்ணீர் தானாக இறங்கி வந்தது.

"பாரு பாப்பா, அண்ணி கோட்டையில ஒருத்தனும் தண்ணிக்கு அலையல லா!" என்றார் அண்ணன்.

ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர், என்னை ஒருநாளும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணி தேத்தண்ணி போட எழுந்துபோனார். அண்ணன் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் மடையைத் திறந்துவிட்டேன். தொட்டி காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பியபோது பாதிப் பேர் தாகத்தில் சுருண்டு கிடந்தார்கள்.

"ஐயோ, மடைய மூட மறந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். என் சனங்கள் செத்தபோதெல்லாம் சிரித்தவர்தான்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "புதுசா ஆரம்பிப்போம் தங்கச்சி. எனக்கு மறதி ஜாஸ்தி. மடைய இனிமே நீதான் பாத்துக்கணும்."

ஆறு வருஷமாயிற்று. மடை இன்னும் என் பொறுப்பில்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க தங்கச்சி இருந்தா ஒரு சொட்டுகூட வீணாவாது" என்று அண்ணி பெருமையடித்துக்கொள்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாமென்று பலமுறை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் உடனே மன்னித்துவிடுவார். அதையும் என்னைவிட நன்றாகச் செய்வார்.