அறுத்தெடுத்த பிள்ளையார்

பக்தி என்ற பெயரில் எங்கள் ஆட்கள் செய்த ஒரு வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாட்டுச் சண்டைக்குத் தப்பி நாங்கள் வந்து சேர்ந்த ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவின் பின்பக்கத்து வெயர்ஹவுஸை வாடகைக்கு எடுத்துக் கோயிலாக்கியிருந்தோம். ஒரு பக்கம் கார் திருத்துகிற கராஜ், மறுபக்கம் கார்ப்பெட் கடை. மூலஸ்தானத்துக்கு இந்தியாவில் பிள்ளையார் செய்விப்பதாகத்தான் பேச்சு. அதற்குள் கோயில் தலைவர், டவுன்ரவுனில் ஒரு பழம்பொருள் கடையில் கம்போடியப் பிள்ளையாரை வாங்கிவிட்டார். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவராம். வேறு எந்தக் கோயிலுக்கும் இந்த யோகம் கிடையாது என்று சொல்லிச் சொல்லி மனுசனுக்குத் தொண்டையே கட்டிப்போனது.

மணற்கல் பிள்ளையார். இரண்டே கைகள். கிரீடம் இல்லை, எலி இல்லை, தொந்தியும் பேருக்குத்தான். எங்கள் பிள்ளையார் சாப்பாட்டுப் பிரியர். இவர் ஏதோ யோசனையில் இருந்தார். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. கமிட்டிக்குத்தான் அவர் போதவில்லை. வெள்ளிக் கிரீடத்துக்கு ஓடர் கொடுத்தார்கள். எலியும் தனியாக வருகிறது என்றார்கள்.

அப்போது நான் ஸ்காபரோவில் ஒரு தையல் ஃபக்டரியில் வேலை. பக்கத்து மெஷினில் ஒரு கம்போடியப் பெண். இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலிஷ். கதைக்க அது போதும். அவளும் சண்டைக்குத் தப்பி வந்தவள்தான். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் கோயில் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின் அறையில் பிள்ளையார் இன்னும் மரப்பலகையில் சரிந்து கிடந்தார். கண்டதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் போனாள். கும்பிட்டாள். பிறகு அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"உடைந்ததில்லை. அறுத்திருக்கிறார்கள்" என்றாள்.

நானும் தொட்டேன். அறுக்கிற வாள் ஓடிய கோடுகள் விரலில் பட்டன. ராத்திரியோடு ராத்திரியாகக் கோயில்களை அறுத்து, மாட்டு வண்டியில் எல்லை கடத்துவார்கள் என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: இவரைப் பீடத்தோடு ஒட்ட வேண்டாம். தூக்கக்கூடிய மாதிரி வையுங்கள். என்றைக்காவது யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம்.

எங்களில் சிலையை அப்படி வைக்கிற வழக்கம் இல்லை. அட்டபந்தனம் என்று ஒரு மருந்தை இடித்துச் சிலைக்கும் பீடத்துக்கும் இடையில் சாத்துவார்கள். இறுகினால் கல்லோடு கல்லாகிவிடும். அதைத் தடுக்கத்தான் நான் தலைவரிடம் போனேன்.

"அண்ணை, உது களவெடுத்த சிலை. அடியில வாள் போட்ட தடம் கிடக்கு."

"அதெல்லாம் பாத்தாச்சு, பிள்ளை. மருந்து சாத்தினா ஒண்டும் தெரியாது."

தெரியாமல் செய்யவில்லை இவர்; தெரிந்துதான்.

"அவையளின்ர சாமி எல்லோ அண்ணை?"

"அவையள் இப்ப புத்த சமயம். பிள்ளையார் எங்கட ஆள். எங்களைத் தேடி வந்திருக்கிறார்."

"உங்கட யாழ்ப்பாணத்து வீட்டிலை கதவு நிலையையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள் எண்டு கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுறியள். அதை வாங்கி வைச்சிருக்கிறவனும் இதைத்தானே சொல்லுவான்?"

"உமக்கு வாய் கூடிப்போச்சு" என்று எழுந்து போனார். பூசை செய்கிற ஐயரிடம் போனேன். பின்னமான சிலை பூசைக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியாதா? கமிட்டி சொன்னால் செய்வேன் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. மருந்து சாத்தினார்கள். கிரீடத்தையும் வைத்தார்கள்.

அதைச் சொன்னபோது அவள் தைப்பதை நிறுத்தவில்லை. இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று நான் குதித்தேன். "நான் போகவேண்டும். இங்கே அவருக்கு யாரையும் தெரியாது" என்றாள்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் எண்ணெய்க்காப்பு. சனம் மூலஸ்தானத்துக்குள் போய்த் தங்கள் கையாலேயே சுவாமிக்கு எண்ணெய் வைக்கலாம். வருடக்கணக்கில் அந்த ஒரு நாள்தான் தொடலாம். நெருக்கியடித்து நின்ற சனத்தில் நானும் அவளும் நின்றோம். எங்கள் முறை வந்தபோது, எண்ணெய்க் கிண்ணம் வைத்திருந்த கமிட்டி அன்ரி ஒருத்தி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உவ ஆர்? இது எங்கட ஆக்களுக்கு மட்டும். ஆரின்ர ஆள் உவ?"

"பிள்ளையாரின்ர ஊர்க்காரி" என்றேன். கராஜ்காரனுக்கும் கேட்டிருக்கும். "நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, அன்ரி."