‘வாங்க’ என்றால் போகலாம்

என் வீட்டுக்காரர் நூல் கமிஷன் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். விருதுநகர், ராஜபாளையம், திண்டுக்கல் என்று வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்த மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் காரைத்தான் வைத்திருந்தார்கள். இவருக்கு மட்டும் அமெரிக்கக் கார் வேண்டியிருந்தது. அதுவும் இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பந்தயத்தில் ஓடுகிற ஜாதி. இம்புட்டு வேகமாக எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டால், விருதுநகருக்கு என்பார்.

எழுபதுகளின் நடுவில், நடைபாதையில் எடைக்குப் போட்டிருந்த அமெரிக்கக் கார்ப் பத்திரிகைகளில் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் பத்திரிகை இருக்கும். சாம்பார் பட்டுவிடக் கூடாதென்று அதற்குத் தனியாக ஒரு பலகை. அந்தக் காரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. புருஷன் பெயரையே சொல்லிப் பழகாதவள், அவர் காரின் பெயரை மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்தக் காருக்கு மூன்று தலைமுறை உண்டாம். முதல் தலைமுறை ஒல்லி, உருண்டைக் கண், பார்த்தாலே பிடித்துப்போகும். இரண்டாம் தலைமுறை தின்று கொழுத்து, நீளமும் அகலமுமாகப் பெருத்துவிட்டது. மூன்றாவது, பெட்ரோல் தட்டுப்பாடு வந்த சமயத்தில் பிறந்ததால் குறுகிச் சின்னதாகிவிட்டது. இதை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்குவார். ஒரு நாள் என் நாத்தனார், அவருடைய அக்கா, வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர் உள்ளே யாரிடமோ, “மூணு தலைமுறையும் விசாரிச்சுட்டேன், மொதத் தலைமுறைதான் சுத்தம். ரெண்டாவதுல ஒடம்பு பெருத்துப்போச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனாருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பெருத்தா என்ன தம்பி, பையன் என்ன வேலை பாக்குறான்?” என்றார்.

நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். விஷயம் தெரிந்ததும் நாத்தனார் காபி கூடக் குடிக்காமல் கிளம்பினார். அன்றிலிருந்து அந்தக் காரின் மேல் அவருக்கு ஒரு கோபம். வாங்குவதற்கு முன்பே கோபம் சம்பாதித்த வண்டி அது.

ஆனால் கார் தேடியதும் உண்மையில் பெண் பார்க்கும் படலமாகத்தான் நடந்தது. முதல் தலைமுறை போடிப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்காரரிடம் இருந்தது. இவர் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வந்தார். வண்டியின் நீண்ட மூக்கின் மேல் சாக்கை விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்களாம். உள்ளே எஞ்சின் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அதைத் தண்ணீர் இறைக்கக் கழற்றிக் கிணற்றடியில் வைத்திருப்பதாகச் சொன்னார்களாம். இரண்டாம் தலைமுறை, கோரிப்பாளையத்தில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாயிடம் இருந்தது. பாய் மரியாதையாக வண்டியை எங்கள் வீட்டுக்கே ஓட்டிவந்து காட்ட முயன்றார். முனையில் திரும்ப முடியவில்லை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அரை நாள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது. பால்காரர் ஒருவர்தான் யோசனை சொல்லாமல் தள்ளினார்.

கடைசியில் மூன்றாம் தலைமுறைதான் எங்கள் தலையில் எழுதியிருந்தது. நாகமலைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். ஈயப் பாத்திர நிறம். குட்டையாக, எதன் மேலோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. விலை பற்றிப் பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அந்த உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது.

பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நானும் இரண்டு பெண்களும் ஏறப் போனோம். பின் இருக்கையில் பெண்களைக் கால் மடக்கித் திணித்தோம். நான் வழக்கம்போல் முன்னால் இடப்பக்கம் போய்க் கதவைத் திறந்தால், அங்கே ஸ்டியரிங் இருந்தது. அமெரிக்காவில் டிரைவர் இடப்பக்கம்தான் உட்காருவாராம். மூன்று தலைமுறை விசாரித்த மனுஷர், இதை மட்டும் என்னிடம் சொல்லவேயில்லை. நான் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் ஏறினேன்.

மதுரையில் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் டிரைவர். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கோரிப்பாளையம் முக்கில் கைகாட்டிக்கொண்டிருந்த போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். வண்டி தானாக நின்றது, தானாகத் திரும்பியது. அவர் ஊதலை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். இன்னொரு நாள் சின்னவளுக்கு மூக்குச் சிந்திவிட நான் முழுக்கப் பின்னால் திரும்பினேன். எதிரே சைக்கிளில் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நேராகச் சாக்கடை ஓரத்துக்கு இறங்கிக் கும்பிட்டார். தெருப் பெண்கள், “கார் ஓட்டுற அக்கா” என்று என்னைக் காட்ட ஆரம்பித்தார்கள். ஒன்றிரண்டு தடவை மறுத்தேன். பிறகு மறுக்கவில்லை.

ஊருக்குள் இது சிரிப்பு. வெளியே நெடுஞ்சாலையில் சிரிப்பில்லை. முன்னால் லாரி போனால், இடப்பக்கம் இருக்கிற அவருக்கு லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்பது வலப்பக்கம் இருக்கிற எனக்குத்தான் தெரியும். நான் சொன்னால்தான் அவர் ஏறி முந்த முடியும். நான்கு உயிரும் என் வாயில் இருந்தது.

முதல் நாள் திருமங்கலம் தாண்டி ஒரு வைக்கோல் லாரி முன்னால் போனது. “இந்தா, எப்புடி இருக்கு?” என்று கேட்டார். ரோடு காலியாக இருந்தது.

“வாங்க” என்றேன்.

சட்டென்று பிரேக் போட்டார். கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டார். மறுபடி “வாங்க” என்றேன். மறுபடி பிரேக். இப்படியே வைக்கோலை வாங்கிக்கொண்டு, தும்மிக்கொண்டு, கள்ளிக்குடி வரைக்கும் போனோம். அங்கே லாரி ஒரு மண் பாதையில் திரும்பியது. முன்னால் ஈ காக்கை இல்லை. அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

“வாராங்க, வாராங்கன்னு சொன்னியே, யாரு வந்தா?”

“நான் எப்ப வாராங்கன்னு சொன்னேன்? வாங்கன்னு சொன்னேன்.”

“வாங்கன்னா?”

“போங்கன்னு அர்த்தம்.”

அவர் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் வேறு என்ன சொல்வது? எங்கள் வீட்டில் வாசல்படி தாண்டுகிற யாரையும் பார்த்துப் போ என்று சொல்ல மாட்டோம். கிளம்புகிறவரும் வாரேன் என்றுதான் சொல்வார். வீட்டுக்குள்ளேயே இப்படி இருக்கும்போது, லாரியை முந்துவதற்கு எட்டிப் பார்க்கிற புருஷனிடம் போங்க என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? இதைச் சொன்னதும் அவர் திட்டவில்லை. அவருடைய அம்மாவும் அப்படித்தான் வளர்த்திருந்தார்.

சரி, இனிமேல் காலியாக இருந்தால் ‘சரி’ என்று சொல், வண்டி வந்தால் பேசாமல் இரு என்று ஏற்பாடு செய்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் ஓட்டும்போது பேசிக்கொண்டே வருவார். நூல் விலை, மில்காரர் குணம், மூன்றாம் தலைமுறையின் பெருமை. நான் வீட்டில் செய்கிற மாதிரி வயலைப் பார்த்துக்கொண்டு, “சரி... சரி...” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வாடிப்பட்டிக்கு முன்னால் ஒரு ‘சரி’க்கு அவர் சட்டென்று வலப்பக்கம் ஏறினார். எதிரே பஸ். அதன் கண்ணாடியில் எழுதியிருந்த சாமி பெயரை என்னால் படிக்க முடிந்தது. அவர் ஒடித்து உள்ளே இழுத்துவிட்டார். பஸ் அலறிக்கொண்டு கடந்து போனது. பெண்கள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“கல்யாணம் ஆன நாள்லருந்து நீ சொன்ன சரியெல்லாம் இந்தச் சரிதானா?”

“எல்லாம் இல்ல. பாதி.”

எந்தப் பாதி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கடைசியில் பழைய வார்த்தையே நிலைத்தது. ‘வாங்க’ என்றால் போகலாம், ‘இருங்க’ என்றால் பொறுக்க வேண்டும். மற்றபடி நெடுஞ்சாலையில் நான் சரி சொல்லக் கூடாது.

அதற்கப்புறம்தான் எனக்கு அந்தக் காரைப் பிடித்துப்போயிற்று. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மனை வாங்கியதோ, மாடி எடுத்ததோ, பெண்களுக்குப் பெயர் வைத்ததோ, எதிலும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கெட்டவர் இல்லை, கேட்கத் தோன்றாது, அவ்வளவுதான். அந்த வண்டிக்குள் மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் என்னைக் கேட்டார். நான் சொன்னதை அப்படியே நம்பி, எதிரே என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஏறினார். ஊரில் எந்தப் புருஷன் பெண்டாட்டி பேச்சை இம்புட்டு நம்பினான்?

கிடைத்ததைக் கொஞ்சம் உபயோகித்துக்கொண்டேன் என்பதும் உண்மை. பெரியவளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கும் பேச்சு வீட்டில் எடுத்தாலே பேப்பரைத் தூக்கி மறைத்துக்கொள்வார். கொடைரோடு பக்கம் ஒரு உமி லாரிக்குப் பின்னால் வைத்து அதை எடுத்தேன். அப்புறம் பேசலாம் என்றார். அப்படியானால் இருங்க என்றேன். லாரி உமியைக் கொட்டிக்கொண்டே போனது. ரோடு காலியா என்று கேட்டார். பெரியவள் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த ஜூனில் அவளைச் சேர்த்தோம்.

இது நாத்தனாருக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு விசேஷ வீட்டில், பந்தியில், பத்துப் பேர் கேட்க, “எந்தம்பி கண்ண மூடிக்கிட்டு ஓட்டுறான், பொண்டாட்டி சொல்லச் சொல்லத் திருப்புறான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் அவர் பாயசம் சாப்பிடவில்லை. மறுநாளே கோரிப்பாளையத்தில் மெக்கானிக்கிடம் போய்விட்டார். அந்த மெக்கானிக்கும் ஒரு பாய்தான்; அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றித் தருகிறேன், ஆனால் நாளாகும் என்றாராம்.

வண்டி ஷெட்டில் கிடந்த அத்தனை நாளும் எனக்கு மனசே சரியில்லை. ஒரு இரும்புத் தண்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றுவதற்கு ஒருத்தி அழுவாளா என்று நீங்கள் கேட்கலாம். நான் அழுதேன். வெங்காயம் உரிக்கும் நேரம் பார்த்து அழுதேன். மாற்ற வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அபாயம் குறையும் காரியத்தை எப்படி வேண்டாம் என்பது? பெண்கள் பின்னால் உட்கார்கிற வண்டி அது. இனி அவருக்கே எல்லாம் தெரியும். என்னைக் கேட்க ஒன்றும் இருக்காது.

வண்டி வந்தது. மெக்கானிக் பாய் நன்றாகத்தான் செய்திருந்தார். நான் இடப்பக்கம் ஏறி, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோரிப்பாளையத்தில் போலீஸ்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. திருமங்கலம் வரைக்கும் அவர் நூல் விலை பற்றிப் பேசினார். நான் தாராளமாகச் சரி சொன்னேன், இனி அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. அப்புறம் ஒரு செங்கல் லாரி குறுக்கிட்டது. எனக்கு அதன் பின்பலகையும் தொங்குகிற சங்கிலியும்தான் தெரிந்தது. அவர் வலப்பக்கம் தலையை நீட்டி நன்றாகப் பார்த்தார். கியரில் கை வைத்தார். ஆனால் ஏறவில்லை.

“போகலாமா?” என்றார்.

பழக்க தோஷம் என்று நினைத்தேன். “எனக்கு இங்கருந்து ஒன்னும் தெரியலைங்க. லாரிதான் தெரியுது” என்றேன்.

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்” என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “சும்மா சொல்லு.”

லாரியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டு, எதிரே என்ன வருகிறதென்று ஒன்றுமே தெரியாமல், நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் ஹார்ன் அடித்தார்.